ஃபைப்ரோமயால்ஜியா வலிக்குப் பிசியோதெரபி: டர்பனில் என்னிடம் வரும் கேள்விகள்

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், பெரும்பாலும் சாட்ஸ்வர்த் பக்கத்து மக்களுக்குப் பிசியோதெரபி பார்க்கிறேன். தமிழ் பேசுகிற ஆயாக்களும் பெரியம்மாக்களும் இங்கே இன்னும் இருக்கிறார்கள். தமிழ் வாசிக்கிறவர்கள்தான் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து தங்கிவிட்ட குடும்பங்களும் என்னிடம் வருகின்றன. "உடம்பெல்லாம் வலி, மாசக்கணக்கா வலி, டெஸ்டில் ஒண்ணுமில்லைங்கறாங்க" என்று வருகிறவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவர்களுக்குச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாமே நன்றாக இருக்கிறதாம். அப்போ இந்த வலி என் மனசுக்குள்தான் இருக்கிறதா?

கிடையாது. உங்கள் வலி உண்மை. முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு பல வருடம் அலைந்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

டர்பனில் திருட்டு அலாரம் மாட்டாத வீடு அரிது. ஆள் நுழைந்தால் அலறுவதற்குத்தான் அலாரம். ஆனால் சில வீடுகளில் சென்சார் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடும். பூனை ஓடினால் அலறும், காற்றில் திரைச்சீலை ஆடினாலும் அலறும். உள்ளே திருடன் இல்லை, ஆனால் அந்தச் சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்கிறது. ஃபைப்ரோமயால்ஜியாவும் ஏறக்குறைய இப்படித்தான். தசையில் கிழிசல் இருக்காது, மூட்டில் வீக்கம் இருக்காது. வலிச் சேதியை வாங்கிப் பெருக்கும் முதுகுத்தண்டும் மூளையும்தான் கூர்மையாகிக் கிடக்கின்றன. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இந்தக் கூர்மையை அது எப்படிக் காட்டும்?

2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கட்டைவிரல் நகத்தை அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தெரிந்த அளவே ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு வலித்தது. வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் அந்த நேரத்தில் வேலை செய்ததும் படத்தில் பதிவானது.

இந்த நோயின் பெயரே ஒரு காலத்தில் தவறாக இருந்தது. 1904இல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். கடைசியில் வருகிற 'ஐட்டிஸ்' அழற்சியைக் குறிக்கும். எவ்வளவு தேடியும் அழற்சி அகப்படவில்லை. அதனால் 1976இல் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் மாறியது. தசையும் நாரும் வலிக்கின்றன என்பதற்கு மேல் இந்தப் பெயரில் பொருள் எதுவும் இல்லை.

கவலையும் துக்கமும் இந்த வலியைக் கூட்டும் என்பதும் சரிதான். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கவலை வந்தால் சர்க்கரை ஏறுகிறது. அதற்காகச் சர்க்கரை நோயைக் கற்பனை என்று யாரும் சொல்வதில்லையே.

உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் அப்படிப் பார்க்கவில்லையே?

அது 1990இல் வந்த விதி. 18 இடங்களில் 11 இடம் வலிக்க வேண்டும் என்றிருந்தது. 2010இல் வேறு முறை வந்தது, 2016இல் அதையும் திருத்தினார்கள். இப்போது உடம்பை 19 இடங்களாகப் பிரித்து எங்கெங்கே வலி என்று கேட்பார்கள். களைப்பு, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு, ஞாபக மறதி இதெல்லாம் எவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். உடம்பின் ஐந்து பகுதிகளில் குறைந்தது நான்கில் வலி இருக்க வேண்டும், மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்க்காததால் உங்கள் டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

வேறு நோய் எதுவும் மறைந்திருக்காதா?

இருக்கலாம். அதனால்தான் பயிற்சி தொடங்கும் முன் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறோம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உடம்பெல்லாம் வலிக்கும். வைட்டமின் டி குறைவும் அப்படித்தான். கொழுப்புக்காகத் தருகிற ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலருக்குத் தசைவலி கொடுக்கும். நம் ஜனங்களிடையே சர்க்கரை நோய் அதிகம். நரம்பு கெட்டுப் பாதம் எரிவதையும் ஃபைப்ரோமயால்ஜியாவையும் சிலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவருக்கே இரண்டும் இருக்கவும் இடமுண்டு.

கீழே சொல்கிறவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்: மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்குவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு கையோ காலோ மட்டும் பலமிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, நடக்கும்போது நெஞ்சு அடைப்பது. ஏற்கெனவே ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் வைத்துவிட்டார்களே என்று புதிதாக வருகிற எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடக் கூடாது.

உடம்பைத் தூக்கி நடக்கவே முடியவில்லை. பயிற்சி செய்யச் சொல்கிறீர்களே, இது நியாயமா?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. "ஜிம்முக்குப் போ, எடையைக் குறை, சரியாகிடும்" என்று யாரோ சொல்லி, நீங்களும் போய், மூன்று நாள் படுக்கையில் கிடந்து எழுந்திருப்பீர்கள். அங்கே நடந்தது வேறு. அது உங்கள் உடம்பு அன்றைக்குத் தாங்குகிற அளவைப்போல நாலு மடங்கு.

ஆனாலும் பயிற்சியை நான் விடமாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்களின் அமைப்பு 2016இல் இந்த நோய்க்கான எல்லா சிகிச்சைகளையும், மாத்திரைகள் உட்பட, ஒவ்வொன்றாக எடைபோட்டது. உறுதியான பரிந்துரை என்று அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: உடற்பயிற்சி. மற்றவற்றில் பலவற்றைச் சிலருக்கு உதவலாம் என்ற அளவோடு விட்டுவிட்டார்கள்.

அளவோடு, விடாமல் செய்கிற அசைவு உடம்பின் சொந்த வலியடக்கும் வேலையைத் தட்டி எழுப்புகிறது. தூக்கம் ஆழமாகிறது. பலமிழந்த தசை கொஞ்சம் தேறும்போது அதே மாவு பிசையும் வேலைக்கு முன்பைவிடக் குறைந்த சிரமம் போதும். அப்புறம் எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்று: அசைந்தால் ஆபத்து என்று நம்பிக்கொண்டிருக்கிற நரம்பு மண்டலத்துக்கு, அசைந்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற செய்தி நாள்தோறும் போய்ச் சேர்கிறது. அலாரத்தின் கூர்மை மெல்ல இறங்குவதற்கு அந்தச் செய்தி வேண்டும். ஒரே நாளில் கத்திச் சொன்னால் அது எடுபடாது. தினமும் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

சரி, எவ்வளவில் தொடங்குவது?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவில்.

மூன்று நாள், ரொம்ப நல்ல நாளும் ரொம்ப மோசமான நாளும் இல்லாத சாதாரண நாட்களாகப் பார்த்து, வலி ஏறத் தொடங்கும் முன் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 8, 12, 10 என்று வந்தால் சராசரி 10. அந்தப் பத்திலேயே தொடங்க வேண்டாம், ஆறில் தொடங்குங்கள். ஆறு நிமிடம் நடந்து முடிக்கும்போது "இவ்வளவுதானா?" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் அளவு சரி. வாரத்தில் மூன்று நாள் போதும், நான்கானாலும் பரவாயில்லை. வாரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். 14 வாரத்தில் 20 நிமிடம் வந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேலாகிறதே என்று மலைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே 20 நிமிடம் நடந்து படுத்துக்கொண்டவர்களில் பலர் 14ஆம் வாரத்தில் பயிற்சியிலேயே இல்லை.

வேகத்துக்கு ஒரு எளிய அளவுகோல்: நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு மூச்சுக்கு மூச்சு உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

மறுநாள் கணக்கும் உண்டு. நடந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உடம்பு பதில் சொல்லும். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். வழக்கத்தைவிட ஒன்று கூடினால் பயப்பட வேண்டாம், அதே அளவில் தொடருங்கள். இரண்டுக்கு மேல் கூடி இரண்டு நாள் நீடித்தால், போன வார அளவுக்குத் திரும்பிப் போங்கள். நிறுத்த வேண்டியதில்லை.

சாட்ஸ்வர்த்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். வாசலை விட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லை இறக்கம். ஆறு நிமிடம் மேட்டில் ஏறுவதும் ஆறு நிமிடம் சமதரையில் நடப்பதும் ஒன்றாகாது. தொடக்கத்தில் வராந்தாவிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடங்கள். மழையோ புழுக்கமோ இருந்தால் கடைவளாகத்துக்குள் காலையில் கூட்டம் சேரும் முன் நடக்கலாம். கார் இருந்தால் ஞாயிறு காலையில் கடற்கரை நடைபாதைக்குப் போகலாம். அது நீளமாகவும் சமமாகவும் இருக்கிறது, உட்காரவும் இடமுண்டு. இருட்டில் தனியாக மட்டும் போக வேண்டாம், காரணம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டால் என்ன? மறுபடி எப்போது நல்ல நாள் வருமோ?

இந்த ஒரு எண்ணம்தான் வலியை வருடக்கணக்கில் நீட்டுகிறது என்று சொல்வேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, சமையலறையில் மாட்டியிருந்த காலண்டரையே கழற்றிக் கொண்டு வந்தார். நல்ல நாளுக்கு நீலப் பேனாவில் வட்டம், படுத்த நாளுக்குச் சிவப்பில் பெருக்கல் குறி. மூன்று மாதத் தாள்களையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்தோம். ஒரு வட்டம், அதன் பின்னால் மூன்று பெருக்கல். மறுபடி ஒரு வட்டம், நான்கு பெருக்கல். அவர் விரல் ஒவ்வொரு வட்டத்திலும் நின்று நினைவுபடுத்திக்கொண்டது: "இது திரைச்சீலை எல்லாம் கழட்டித் துவைச்ச சனிக்கிழமை. இது பேரன் பிறந்தநாள், முப்பது பேருக்கு பிரியாணி." பெருக்கல் குறிகள் தானாக வரவில்லை, வட்டத்துக்குப் பின்னால் வருகின்றன என்பதை நான் சொல்லும் முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நானேதான் செஞ்சுக்கிட்டேனா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. வலி இல்லாத நேரத்தில் உழைக்காமல் இருப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்காத விஷயம்.

அவரோடு செய்தது இவ்வளவுதான். போனில் டைமர் வைத்து 20 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் உட்காருதல். வலி வந்த பிறகு உட்காருவதில்லை, மணி அடித்ததும் உட்காருவது. வெங்காயம் நறுக்குவது ஸ்டூலில் உட்கார்ந்து. துணி காயப்போடும் கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கியாயிற்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருப்பது இவர்களுக்கு மிகவும் கடினம். திரைச்சீலை வாரத்துக்கு ஒரு ஜன்னல். நல்ல நாளிலும் அதே அளவு, மோசமான நாளிலும் முடிந்தவரை அதே அளவு. நல்ல நாளில் அளவைத் தாண்டாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய சோதனையாக இருந்தது. ஐந்தாவது மாதக் காலண்டரில் வட்டங்கள் ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனால் பெருக்கல் குறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. இரண்டும் இல்லாத வெற்றுக் கட்டங்கள், அதாவது சாதாரண நாட்கள், பெருகியிருந்தன.

எடை தூக்கலாமா?

தூக்கலாம், நடை கொஞ்சம் பழகிய பிறகு. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. இந்த மூன்றும் முதலில் போதும். ஒவ்வொன்றும் ஐந்து தடவை, வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. மெல்ல எட்டு, பத்து, பன்னிரண்டு என்று போகலாம். அதன் பிறகு கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். உட்காரும்போது தொப்பென்று விழாதீர்கள், அதே சமயம் ரொம்ப நேரம் இழுத்து மெதுவாகவும் இறங்க வேண்டாம். தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதுதான் மறுநாள் வலியை அதிகம் கொடுக்கும்.

யோகா, தை சி இதெல்லாம்?

இரண்டும் நல்லவையே. தை சி என்கிற மெதுவான சீன அசைவுப் பயிற்சி பற்றி 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 226 பேரைப் பார்த்தது. வேக நடை போன்ற பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைத்த அளவோ அதற்குச் சற்று மேலோ தை சி செய்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. 12 வாரம் செய்தவர்களைவிட 24 வாரம் செய்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். யோகாவில் ஆசனத்தின் கடைசி நிலைக்குப் போக வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். பாதி குனிந்தாலும் அது ஆசனம்தான். மூட்டுகள் இயல்பிலேயே அதிகம் வளைகிற உடம்பாக இருந்தால், நீட்டிப்புப் பயிற்சியைவிடப் பலப் பயிற்சியே உங்களுக்குத் தேவை. நீட்டிப்பு மட்டும் செய்துகொண்டிருப்பவர்களுக்கு அதனால் கிடைக்கும் நிவாரணம் குறைவு என்பதே என் அனுபவமும்.

கடலில் இறங்கி நின்றால் வலி குறையுமா? கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே?

தண்ணீர்ப் பயிற்சி நல்ல பலன் தரும், முக்கியமாக உடம்பு கனமானவர்களுக்கும் முட்டி தேய்ந்தவர்களுக்கும். மார்பளவுத் தண்ணீரில் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். ஆனால் பிசியோதெரபிக் குளத்தின் வெப்பம் 32 முதல் 34 டிகிரி வரை இருக்கும். டர்பன் கடல் குளிர்காலத்தில் 20, 21 டிகிரி, கோடையில் 25 சொச்சம். அந்தக் குளிரில் பலருக்குத் தசை இறுகிவிடுகிறது. அலையும் சும்மா நிற்க விடாது. சமநிலைக்காக உடம்பு முழுவதும் விறைத்துக்கொண்டு நிற்பதே ஒரு கடும் பயிற்சியாகிவிடும்.

கோடையில், கடலோரத்தில் கடல்நீர் தேங்கி நிற்கும், அலை அடிக்காத குளங்களில் (டைடல் பூல்) இடுப்பளவில் பத்து நிமிடம் நடப்பது என்றால் சரி. இறங்கும் முன் தண்ணீர் சுத்தமா என்று நகராட்சி அறிவிப்பைப் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் அமைப்புகள் உடைந்து பல கடற்கரைகளை மூடியது நினைவிருக்கும். பெருமழைக்குப் பிறகு சில நாள் இறங்காமல் இருப்பது நல்லது.

சூடான குளம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தரையில் செய்தாலும் தண்ணீரில் செய்தாலும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. உங்களால் எதை விடாமல் செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள்.

மசாஜ், மெஷின், எண்ணெய்க் குளியல்?

மிதமான மசாஜ் ஒன்றிரண்டு நாள் சுகம் கொடுக்கும். அந்தச் சுகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது தணித்துக் கொடுக்கிற நேரத்தில் நடையைத் தொடங்கிக்கொள்ளலாம். ஆனால் நீண்ட கால நிவாரணத்தை அது மட்டும் தராது. வாரம் இரண்டு தடவை மேசையில் படுக்க வைத்துத் தேய்த்து, மெஷின் வைத்து, பயிற்சி எதுவும் சொல்லிக்கொடுக்காமல் மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருந்தால் உங்கள் பணத்துக்கு அது நியாயமில்லை. அழுத்திப் பிசைகிற மசாஜைத் தவிர்த்துவிடுங்கள். "வலிச்சாத்தான் சரியாகும்" என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. கழுத்து எலும்பைச் சடக்கென்று திருப்புவதும் வேண்டவே வேண்டாம்.

மெஷின்களில் டென்ஸ் என்ற சின்ன மின்கருவிக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. 2020இல் வெளிவந்த ஆய்வில் சுமார் 300 பெண்கள் அதை முதுகில் ஒட்டிக்கொண்டு வீட்டு வேலையும் நடையும் செய்தார்கள். நான்கு வாரத்தில் அசையும்போது வருகிற வலி குறைந்தது. படுத்துக்கொண்டு வைப்பதைவிட அசையும்போது வைப்பதே முறை. பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் வைக்கக் கூடாது.

எண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீரும் நல்லெண்ணெயும் தசையை இளக்கும். வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காதது மாதிரி இருக்கிறது. தூக்கத்துக்கும் வலிக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. 1970களில் டொரான்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி ஒரு சோதனை செய்தார். நல்ல ஆரோக்கியமானவர்களை ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்தார். சில நாட்களில் அவர்களுக்கும் உடம்பு வலியும் தொட்டால் நோவும் வந்துவிட்டன. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் வலியைக் கூட்டுகிறது. பகலில் நடந்தால் இரவில் தூக்கம் ஆழமாகும். ஆனால் படுக்கும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் பயிற்சி வேண்டாம். விழிக்கும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதீர்கள். பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று வருவதும் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் இவை சிலருக்கு வலியையும் தூக்கத்தையும் ஓரளவு சரிசெய்து பயிற்சிக்கு வழிவிடுகின்றன. மார்ஃபின் வகைக் கடும் வலி மாத்திரைகளும் ஸ்டீராய்டும் இந்த நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. யாராவது அவற்றை எழுதித் தந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எத்தனை நாளில் குணமாகும்?

முழுக்கப் போய்விடும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. குறையும். முதல் நான்கு வாரம் வலியில் மாற்றமே தெரியாமல் போகலாம், சிலருக்குச் சற்றுக் கூடவும் செய்யும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் முதலில் தெரிவது பெரும்பாலும் வலி இறங்குவதாக இருக்காது. மாடிப்படி ஏறியதும் இளைப்பது குறையும், மதியம் படுக்காமல் இருக்க முடியும், கடையில் வரிசையில் நிற்க முடியும். வலி மெதுவாகப் பின்னால் இறங்கி வரும். அதனால்தான் வலி எண்ணை மட்டும் பார்க்காமல், ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறீர்கள், அரை நிமிடத்தில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுகிறீர்கள் என்று நான் அளந்து எழுதிவைப்பேன். நம்பிக்கை இழக்கிற நாளில் அந்தப் பழைய தாளை எடுத்துக் காட்ட முடியும். பயிற்சியை விட்டுவிட்டால் சில மாதத்தில் பலன் கரையும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நன்றாக இருந்தேன், திடீரென்று எல்லா வலியும் திரும்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, தூக்கம் கெட்ட வாரம், ஜூன் ஜூலைக் குளிர், இப்படி ஏதாவது ஒன்று கிளப்பிவிடும். இரண்டு மூன்று நாள் நடையைப் பாதியாக்குங்கள். 14 நிமிடம் என்றால் ஏழு. வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட மூச்சு விடுங்கள், படுக்கையிலேயே கணுக்காலையும் தோளையும் சுழற்றுங்கள். முழு ஓய்வு ஒரு நாளைத் தாண்ட வேண்டாம். ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடலாம். காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் பயிற்சியே கூடாது.

இங்கே யாரிடம் போவது? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் கொடுக்குமா?

தென் ஆப்பிரிக்காவில் பிசியோதெரபிஸ்டிடம் நேராகவே போகலாம், டாக்டர் சீட்டு கட்டாயமில்லை. இந்த நாட்டில் பயோகினெட்டிசிஸ்ட் என்று ஒரு தொழிலும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். உடற்பயிற்சியையே சிகிச்சையாக வகுத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. என் நோயாளிகளை முதல் சில மாதம் நான் பார்த்துவிட்டு, பலப் பயிற்சி கட்டத்துக்கு அவர்களிடம் அனுப்புவதுண்டு. இருவருமே எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற தென் ஆப்பிரிக்க மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மெடிக்கல் எய்ட் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் முடக்குவாதம் இருக்கிறது, ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. அதனால் பணம் பெரும்பாலும் மெடிக்கல் எய்டுக்குள் இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்தோ அன்றாடச் செலவுப் பங்கிலிருந்தோ போகும். வருடத் தொடக்கத்திலேயே எல்லாச் சந்திப்புகளையும் செலவழித்துவிடாதீர்கள். முதலில் வாரம் ஒன்று, பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்று என்று பரப்பிக்கொள்ளலாம். இந்த நோய்க்கு அதுவே நல்ல முறையும்கூட. மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் பக்கத்து கிளினிக்கில் சீட்டு வாங்கி அரசு மருத்துவமனைப் பிசியோதெரபிப் பிரிவுக்குப் போகலாம். கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது, அரசு முதியோர் மானியம் பெறுகிறவர்களுக்கு இலவசம். காத்திருக்கும் நேரம் நீளமாக இருக்கும். மர பெஞ்சில் போட்டு உட்கார ஒரு சின்ன மெத்தையும், எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வர இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு துணையும் இருந்தால் நல்லது.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். இருபது வருடமாக அண்டா கிண்டுவது நான்தான். இந்த வருடம் போகலாமா?

போங்கள். கோயிலுக்குப் போகாமல் வீட்டில் அடைந்து கிடப்பதால் வலி குறைந்த யாரையும் நான் பார்த்ததில்லை.

அண்டா கிண்டுவதை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் நீங்கள், பத்து நிமிடம் இன்னொருவர். நீளமான துடுப்பாக இருக்கட்டும், குட்டையானது இடுப்பை வளைக்கும். ஒரு காலை முன்னால் வைத்து நில்லுங்கள். தோளால் கிண்டாமல், உடம்பின் எடையை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாற்றி மாற்றிக் கிண்டுங்கள். கூழ் இறுகிக் கனக்கும் கடைசிக் கட்டத்தை இளவட்டங்களிடம் விட்டுவிடுங்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பக்குவம் சொல்லுங்கள். அந்தப் பக்குவம் உங்களுக்குத்தானே தெரியும். ஜூலை காலையில் குளிரும், தோளில் ஒரு சால்வை இருக்கட்டும். அதற்கு முந்தின நாள் வெங்காயமோ கீரையோ ஆயும் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய நடை மட்டும் பாதி அளவு, வராந்தாவிலேயே.